நிமிசத்துக்கு 40 பைக்கற்: மெசின் எடுக்கிறதோ, விடுறதோ?

2025 ஜனவரி 12, ஞாயிறு

யாழ்ப்பாணத்திலை கோப்பாய்ப் பக்கம் எங்களுக்கு ஒரு தூள் மில் இருக்கு. வறுத்த கறித்தூள்தான் முக்கியம். செத்தல் மிளகாய்த்தூளும் மஞ்சளும் கொஞ்சம். ஏழு பேர் வேலை, அதிலை மூண்டு பேர் பைக்கற் போடுறது மட்டும். போன கிழமை ஒரு ஏஜென்ற் வந்து கோயம்புத்தூர் மெசின் ஒண்டின்ரை வீடியோ காட்டிப்போட்டுப் போனார். றோலிலை இருந்து தானே பை செய்யும், தானே அளந்து போடும், தானே சீல் வைக்கும், திகதியும் அடிக்கும். நிமிசத்துக்கு 40 பைக்கற். விலை எங்கடை காசுக்கு 38 இலட்சம். ஒண்டரை வருசத்திலை போட்ட காசு வந்திடும் எண்டு ஒரு தாளிலை கணக்கும் எழுதித் தந்தார்.

கனடாவிலை இருக்கிற தம்பி பாதிக் காசு தாறன் எண்டு நிக்கிறான். எனக்கும் விருப்பம்தான். இந்த மன்றத்திலை ஆரும் உப்பிடி எடுத்து ஓட்டினனீங்களோ? வாங்க முதல் என்னத்தைப் பாக்க வேணும்? வேலை செய்யிற சனத்தை நிப்பாட்டாதை எண்டு புத்தி சொல்ல வாற ஆக்கள் தயவுசெய்து வேறை உரையாடல் இழைக்குப் போங்கோ.

2025 ஜனவரி 13

ஏஜென்ற்றின்ரை கணக்கைக் கேட்டிருக்கிறியள். இதுதான்: நிமிசத்துக்கு 40, மணித்தியாலத்துக்கு 2,400, எட்டு மணித்தியாலத்துக்கு 19,200 பைக்கற். நாங்கள் இப்ப நாளுக்கு ஏறத்தாழ 2,000 போடுறம், 100 கிராம் பைக்கற். மிச்சம் 17,200 பைக்கற்றையும் ஆர் வாங்கப் போகினம் எண்டு அந்தத் தாளிலை இல்லை. எழுதி அனுப்பேக்கைதான் எனக்கே பிடிபட்டுது. நேற்று முழுக்க அந்தத் தாளை மடிச்சுப் பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டு திரிஞ்சனான்.

2025 ஜனவரி 16

பொங்கல் முடிஞ்சு இண்டைக்குத்தான் மில் திறந்தது. "முதலிலை உன்ரை மில்லை நேரம் பிடிச்சுப் பார்" எண்டு எழுதினவருக்கு நன்றி. போனிலை நேரம் பிடிச்சன். அரைக்கிற மெசின் மணித்தியாலத்துக்கு 40 கிலோ, ஐஞ்சு மணித்தியாலம் ஓடும், 200 கிலோ. கையாலை பைக்கற் போடுற மூண்டு பேரும் ஆளுக்கு நிமிசத்துக்கு இரண்டு. 2,000 பைக்கற்றுக்கு ஐஞ்சரை மணித்தியாலம்.

புது மெசின் அதை 50 நிமிசத்திலை முடிச்சுப்போடும். அதுக்கு மேலை போட அரைச்ச தூள் இல்லை. மிச்ச நேரம் வீட்டோடை வந்த மாப்பிள்ளை மாதிரி இருக்கும். கறண்டும் வேணும், மரியாதையும் வேணும், வேலை இல்லை.

2025 ஜனவரி 17

மேலை எழுதினதிலை ஒரு பிழை. அரைக்கிறதுதான் இழுக்குது எண்டு விளங்கக்கூடிய மாதிரி எழுதிப்போட்டன். இண்டைக்கு விடிய ஏழு மணியிலை இருந்து ஒரு கதிரையைப் போட்டு மில்லுக்கை சும்மா இருந்தன். பதினைஞ்சு வருசமா நடத்துறன், ஒரு நாளும் அப்பிடி இருந்ததில்லை. அரைக்கிற பெடியன் ஒன்பதரைக்கு மெசினை நிப்பாட்டிப்போட்டு வெளியிலை போய் நிக்கிறான். ஏன் எண்டு கேட்டால், "தட்டு இல்லை அண்ணை."

விசயம் இதுதான். அரைச்ச தூள் சுடச்சுட வரும். அதைப் பையுக்கை போட்டால் உள்ளுக்கை வேர்க்கும், கட்டி பிடிக்கும், நிறமும் செத்துப்போம். அதாலை தட்டிலை பரப்பி ஆற விட வேணும். எங்களிட்டை இருக்கிறது பன்னிரண்டு தட்டு. அது நிரம்பினால் மில் நிக்கும். ஆறும் வரைக்கும் பைக்கற் போடுற அக்காமார் காலமை பை விரிச்சு அடுக்கிக்கொண்டு இருப்பினம், பின்னேரம் ஓட்டமும் பாய்ச்சலும். பின்னேர ஓட்டத்தை மட்டும் பாத்துப்போட்டுத்தான் நான் பைக்கற் மெசினைத் தேடிப் போயிருக்கிறன். மார்கழி மழைக்கை இன்னும் மோசம், தூள் ஆறுறதுக்குப் பதிலா ஈரத்தை இழுக்கும்.

38 இலட்ச மெசின் தட்டுக்காகக் காவல் இருக்கும் எண்டதுதான் இண்டையான் செய்தி.

2025 ஜனவரி 21

அப்ப மெசினே வேண்டாம், தட்டு வாங்கினாக் காணும் எண்டு முடிவெடுத்துப்போட்டு இருந்தனான். அதுவும் அவசரம். நிறையைப் பாத்தனியோ எண்டு ஒருவர் கேட்டார். கட்டி முடிச்ச பைக்கற்றிலை 50 எடுத்து ஒவ்வொண்டா நிறுத்தன். சராசரி 105 கிராம். தலை சுத்திப் போச்சு.

அதே நாள் இரவு

பை நிறையைக் கழிக்கேல்லை. வெறும் பை 2 கிராம். அப்ப தூள் 103. திருத்தினவர் வாழ்க. ஆனால் 103 எண்டாலும் பாருங்கோ: பைக்கற்றுக்கு 3 கிராம், 2,000 பைக்கற்றுக்கு 6 கிலோ. மாதம் 25 நாள் எண்டால் 150 கிலோ. எங்களுக்கு ஒரு கிலோ முடியிறது 1,400 ரூபா வரும். மாதம் 2,10,000 ரூபாத் தூள் இனாம்.

மூண்டு பேரின்ரை சம்பளம் 96,000. முதலாளி கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதி 3 வீதமும் சேத்தால் 1,10,400. ஏஜென்ற்றும் நானும் தம்பியும் மூண்டு பேருமா இந்தச் சம்பளத்தைத்தான் முறைச்சுப் பாத்துக்கொண்டு இருந்தனாங்கள். அதைப்போலை ரெண்டு மடங்கு காசு தராசுத் தட்டாலை வழிஞ்சு போகுது.

பதினொரு வருசமா எங்களோடை நிக்கிற அக்காவிட்டைக் கேட்டன், ஏன் அக்கா கூடப் போடுறியள் எண்டு. "குறைஞ்சாக் கடைக்காரர் உங்களைப் பேசுவினம், நீங்கள் எங்களைப் பேசுவியள். கூடினதுக்கு இண்டு வரைக்கும் ஆரும் பேசினதில்லைத் தம்பி." இதுக்கு மேலை நான் என்னத்தைக் கேக்கிறது.

2025 ஜனவரி 22

இன்னொரு திருத்தம். 3 கிராமையும் மிச்சம் பிடிக்கேலாது. பையிலை 100 எண்டு போட்டால் 100க்குக் குறையக்கூடாது, அளவைத் திணைக்களமும் பாவனையாளர் அதிகாரசபையும் சும்மா இருக்கமாட்டினம். எந்த மெசினும் ஒரு கிராம் அங்கை இங்கை போகும், அப்ப 101க்கு வைக்க வேணும். மிச்சம் 2 கிராம். மாதம் 100 கிலோ, 1,40,000 ரூபா. இனி இந்த எண்ணைத்தான் பாவிப்பன்.

2025 பெப்ரவரி 11

ஞாயிற்றுக்கிழமை பதினொண்டரை போலை நாடு முழுக்கக் கறண்ட் போனது எல்லாருக்கும் தெரியும். பாணந்துறை உபமின் நிலையத்திலை குரங்கு பாய்ஞ்சதாம். நேற்றும் இண்டைக்கும் முறை வைச்சு ஒண்டரை மணித்தியால வெட்டு, நுரைச்சோலை அனல்மின் நிலைய மெசினுகள் நிண்டு போனதாலை. 2022இலை 13 மணித்தியாலம் இருட்டுக்கை இருந்த எங்களுக்கு இது பகிடி மாதிரி. ஆனாலும் ஏஜென்ற்றுக்குப் போன் எடுத்துக் கேட்டன்: பாதி பையிலை கறண்ட் போனால் என்ன நடக்கும்?

ஒண்டும் நடவாது, திருப்பிப் போட வேணும் எண்டார். திருப்பிப் போட எவ்வளவு நேரம்? சீல் வைக்கிற சூடு ஏறக் கொஞ்ச நேரம், றோலின்ரை அடையாளக்கோடு பிடிக்கக் கொஞ்ச பை வீண். எத்தினை பை எண்டு சொல்லமாட்டாராம்.

எங்கடை இணைப்பு மூண்டு பேஸ் 60 அம்பியர், அது ஏறத்தாழ 42 கேவிஏ (ஒரே நேரத்திலை இழுக்கக்கூடிய கறண்டின்ரை அளவு). இந்த மெசினும் காத்துக் கொம்பிரசரும் சேர, அந்த வரம்பைத் தாண்ட வாய்ப்பிருக்கு. தாண்டினால் கட்டண வகை மாறும். யூனிற்றுக்கு மட்டும் இல்லை, அந்த மாதத்திலை ஏறின உச்சத்துக்கும் கேவிஏ கணக்கிலை கட்ட வேணும். ஒரு நாள் எல்லாத்தையும் ஒண்டாப் போட்டால் மாதம் முழுக்க அதின்ரை காசு. அந்த வகையிலை பின்னேரம் ஆறரை தொடக்கம் பத்தரை வரைக்கும் யூனிற்றும் கூட விலை. எங்கடை ஓட்டம் ஆறு மணிக்குத்தான் சூடு பிடிக்கிறது. ஆற விடுற பிரச்சினை இங்கையும் வந்து நிக்குது பாருங்கோ.

இழை விலகுது, பறவாயில்லை. எங்கடை ஐயா காலத்து மில் லிஸ்ரர் எஞ்சினிலை ஓடினது. போர்க்காலப் பொருளாதாரத் தடை நேரத்திலை பெற்றோல் இல்லாமல் ஒரு சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயிலை மோட்டார்சைக்கிள் ஓட்டின சனம் நாங்கள். ஜாம் போத்தல் விளக்கிலை படிச்சுப் பாஸ் பண்ணினனாங்கள். அதாலை எங்களுக்கு ஒரு திமிர் இருக்கு, எந்த மெசினையும் கழட்டிப் பூட்டுவம் எண்டு. இந்த மெசினின்ரை மூளை பி.எல்.சி. எண்ட சின்னக் கட்டுப்பாட்டுக் கணினிப் பெட்டிக்கை இருக்கு. அதுக்குப் பாஸ்வேட். பாஸ்வேட் கொம்பனியிட்டை. மண்ணெண்ணெய் ஊத்தி ஓடாது.

2025 மார்ச் 9

போய்ப் பாத்திட்டு வந்திட்டன். பலாலியிலை ஏறிச் சென்னை, அங்கையிருந்து றெயினிலை கோவை. பெட்டிக்கை எட்டுக் கிலோ எங்கடை தூள். விமான நிலையத்திலை பெட்டியைத் திறந்தவர் மூண்டு தரம் தும்மிப்போட்டு மூடச் சொன்னார்.

அங்கை போனால் மெசின் வடிவா ஓடுது. மஞ்சள் தூள் போட்டுக் காட்டினவை. அரைக் கிராம் அங்கை இங்கை, அவ்வளவுதான். நான் ஏமாந்திருப்பன். எங்கடை தூளைப் போடச் சொன்னன். முகம் கொஞ்சம் மாறினது.

மஞ்சள் உலர்ந்த தூள், எங்கடையதை விட லேசா ஓடும். எங்கடையது வறுத்த கொத்தமல்லி, செத்தல், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை. எண்ணெய்ப் பிடிப்பு. தூள் கொட்டுற கூம்புக்கை பாலம் கட்டி, கீழை விழாமல் நிண்டிட்டுது, தூளைத் தள்ளுற திருகாணி சும்மா சுத்துது. அந்தத் திருகாணி நிறையைப் பாக்கிறேல்லை, இத்தினை சுத்துக்கு இவ்வளவு எண்டு கன அளவிலைதான் தள்ளுறது. தூளின்ரை இறுக்கம் மாறினால் நிறையும் மாறும். ஒரு பை 96, அடுத்தது 104. தூசி பறந்து சீல் வாயிலை ஒட்டி, சில பை அமத்தினால் காத்து போகுது.

ஐஞ்சு நிமிசம் காட்டிப்போட்டு ரீ குடிக்கக் கூப்பிட்டினம். நான் ஒரு மணித்தியாலம் ஓட்டச் சொல்லிக் கொப்பியோடை பக்கத்திலை நிண்டன். ஓடின தூளைத்தான் திருப்பித் திருப்பிக் கொட்டினது, எட்டுக் கிலோ எங்கை காணும். 60 நிமிசத்திலை நாலு தரம் நிண்டது, எல்லாம் சேத்து 18 நிமிசம். ஓடின 42 நிமிசமும் 40 இல்லை, 28 பைதான் போச்சு, அதுக்கு மேலை கூட்டினால் தூசி. வந்த 1,176 பையிலை 92 வீதம் நல்லது, 1,082. ஒரு மணித்தியாலத்துக்கு 2,400 எண்டு சொன்ன மெசின் 1,082. நூற்றுக்கு 45.

இதுக்கு ஒரு பேரும் இருக்கு. எவ்வளவு நேரம் ஓடினது, எவ்வளவு வேகம், எவ்வளவு நல்லது, மூண்டையும் பெருக்கிறது. ஓ.ஈ.ஈ. எண்டுவினம், யப்பானிலை நகாஜிமா எண்டவர் கொண்டு வந்த கணக்கு. 85 வீதம் எடுத்தால் உலகத்தரம் எண்டு சொல்லுவினம். 0.70, 0.70, 0.92 எண்டு தனித்தனியாப் பாத்தால் ஒண்டும் பயங்கரமில்லை. பெருக்கினால்தான் வயித்தைக் கலக்கும்.

அவையளைக் குறை சொல்லேலாது. கிளறி பூட்டலாம், தூசி உறிஞ்சி பூட்டலாம், திருகாணியை மாத்தலாம் எண்டு நேர்மையாத்தான் கதைச்சினம். ஒவ்வொண்டுக்கும் ஒரு விலை. எங்கடை தூளை ஆரும் முதல் கேட்டிருக்கேல்லை, அவ்வளவுதான்.

2025 மார்ச் 10

ஓம், தூள் மிச்சத்தை அங்கையே குடுத்திட்டு வந்தன். அந்த ரெக்னீசியன் பெடியன் இரவு மீன் குழம்பு வைச்சுப் படம் அனுப்பினவன். நல்ல நிறம்.

2025 ஏப்ரல் 6

"38 இலட்சம்" எண்ட சொல்லை இனி இந்த இழையிலை ஆரும் எழுதக்கூடாது. அது கோவை வாசல் விலை. கப்பல், காப்புறுதி 2 இலட்சம். துறைமுகம், தீர்வை, கிளியறன்ஸ் 3. கொம்பிரசர் இரண்டரை. ஸ்ரபிலைசர் 1. பூட்ட வாற ஆளின்ரை ரிக்கற், சாப்பாடு, தங்குமிடம் ஒண்டரை. கடைசியா ஒருவரும் சொல்லாத சாமான், றோல். நாங்கள் இப்ப பாவிக்கிறது ஆயத்தப் பை, லேபிள் ஒட்டுறம். மெசினுக்கு அச்சடிச்ச றோல் வேணும். அச்சடிக்க நிறத்துக்கு ஒரு அச்சுச் சிலிண்டர் வெட்ட வேணும், ஒவ்வொரு டிசைனுக்கும் வேறை வேறை. குறைஞ்ச ஓடரும் எங்கடை ஒரு வருசத் தேவைக்குக் கிட்ட. அதுக்கு 4. மொத்தம் 52 இலட்சம். வாட் 18 வீதம் இதுக்கை இல்லை. பதிவு இருந்தால் பேந்து கழிக்கலாம் எண்டு ஒருவர் எழுதினவர், சரி, ஆனால் முதலிலை கையிலை இருந்துதான் கட்ட வேணும்.

வரவைப் பாப்பம். தூள் மிச்சம் 1,40,000. சம்பள மிச்சம் மூண்டு பேர் இல்லை. மெசினோடை நிக்க ஒருவர், பெட்டியிலை அடுக்க ஒருவர் வேணும். குறையிறது ஒருவர், 36,800. ஒபரேற்றருக்கு 20,000 கூடக் குடுக்க வேணும், நிதிகளோடை 23,000. மிச்சம் 13,800. கூட்டினால் 1,53,800. கறண்ட், சீல் வாய்த் துணி, வெட்டுக் கத்தி, வீணாப் போற றோல் எல்லாத்துக்கும் 25,000 கழிச்சன். மாதம் 1,28,800. 52 இலட்சத்தைப் பிரிச்சால் 40 மாதம். அதுவும் கோவையிலை கண்ட 45 வீதம் திருந்தி, 101 எண்ட நிறை பிடிபட்டால். வங்கி வட்டி இதுக்கை இல்லை.

ஒண்டரை வருசம் எண்டு எழுதின தாள் இன்னும் என்ரை மேசையிலை இருக்கு. தேத்தண்ணிக் கோப்பை வைக்கிறன்.

2025 ஏப்ரல் 8

தம்பியோடை வாட்ஸப்பிலை சண்டை. "இஞ்சை எல்லாம் றோபோதான்" எண்டுறான். 2018 ஏப்ரலிலை ரெஸ்லா மூண்டாம் மொடல் கார் கட்டேலாமல் இழுபட்டேக்கை, அளவுக்கு மிஞ்சித் தன்னியக்கம் பண்ணினது என்ரை பிழை, மனுசரைக் குறைச்சு மதிச்சிட்டம் எண்டு ஈலோன் மஸ்க்கே ருவிற்றரிலை எழுதினவர். அதை அனுப்பினன். ரெண்டு நீலக் கோடு, பதில் இல்லை.

2025 மே 18

தட்டு. பக்கத்து வெல்டிங் கடையிலை கறைபிடியா உருக்கிலை நாப்பது தட்டு, நாலு உருளுற தாங்கி, ரெண்டு பெரிய காத்தாடி. எல்லாம் 1,60,000. காத்தாடிக்கு முன்னாலை துணி வலை, தூசி இலையான் வராமல். பெடியன் இப்ப ஒன்பதரைக்கு வெளியிலை போய் நிக்கிறேல்லை. நாளுக்கு 250, 260 கிலோ போகுது. பைக்கற் போடுறதும் காலமை பத்து மணிக்கே தொடங்குது, ஆறு மணிக்குக் கதவு பூட்டிறம். கட்டண வகை மாறினாலும் பின்னேரக் கறண்ட் விலை எங்களைத் தொடாது.

இதுக்குக் கோவை போக வேண்டியிருக்கேல்லை. ஆனால் போகாட்டி இதைச் செய்திருக்கமாட்டன், அதுவும் உண்மை.

2025 யூலை 6

மேசையிலை வைக்கிற சின்னத் திருகாணி மெசின் ஒண்டு வந்திட்டுது. காலாலை மிதிச்சால் ஒருக்கால் அளந்து போடும். பையை அக்காதான் பிடிக்க வேணும். சீல் வைக்கிற பட்டி மெசினும் சேத்து, வந்து இறங்க 6,50,000. வாங்க முதல் நாலு கிலோ தூளைக் குடுத்து விட்டு, எங்கடை தூளிலை 101 கிராம், ஒண்டு அங்கை இங்கை எண்டு எழுத்திலை வாங்கினன். அமைப்பு எண்கள் எல்லாம் கொப்பியிலை, பாஸ்வேட் என்னட்டை, உதிரிப்பாகம் ஒரு பெட்டி கூடவே. கடைசி 20 வீதக் காசு கோப்பாயிலை ஒரு கிழமை ஓடின பிறகுதான். விக்கிறவர் முதலிலை முறுகினவர், பேந்து ஓமெண்டார்.

முதல் கிழமை நாசம். இஞ்சையும் பாலம் கட்டினது. அக்கா அகப்பைக் காம்பாலை கூம்பைத் தட்டித் தட்டி ஓட்டினவ. உள்ளுக்கை இருந்த கிளறி எங்கடை தூளுக்குக் குட்டை. லேத்துக் கடையிலை ஒரு சாண் நீட்டிக் குடுத்தாங்கள். இப்ப 50 பைக்கற் நிறுத்தால், பை கழிச்சு, 101.1.

நாளுக்கு 2,500 பைக்கற் எண்டால் 1.9 கிராம் மிச்சம், 4.75 கிலோ. மாதம் 1,66,250 ரூபா. போட்ட காசு வர நாலு மாதம். மெசின் எடுத்தால் ஆரை நிப்பாட்டப் போறியள் எண்டு அக்கா ஒரு மாதமா மனசுக்கை வைச்சிருந்து, மெசின் இறங்கின அண்டுதான் கேட்டவ. ஒருத்தரையும் நிப்பாட்டேல்லை எண்டு முதல் நாளே நான் சொல்லியிருக்க வேணும். முதல் பதிவிலை புத்தி சொல்ல வேண்டாம் எண்டு எழுதினதை வாபஸ் வாங்கிறன்.

2025 யூலை 20

நாலு மாதம் எண்டது ஆடி மாதத்து வாய். நல்லூர்த் திருவிழாவுக்கு வாற வெளிநாட்டுச் சனம் திரும்பேக்கை பெட்டி பெட்டியாத் தூள் கொண்டு போகும், ஆடி ஆவணி ரெண்டு மாதமும் எங்களுக்கு வருசத்தின்ரை உச்சம். ஐப்பசி கார்த்திகையிலை நாளுக்கு 150 கிலோ போனாலே பெரிசு. அந்த மாதங்களின்ரை கணக்கிலை பாத்தால் ஆறு, ஏழு மாதம் எண்டு வையுங்கோ. ஏஜென்ற்றின்ரை தாளிலையும் இதே விளையாட்டுத்தான் இருந்தது, மெசின் முழு வேகத்திலை ஓடுற கணக்கை வருசம் முழுக்க எண்டு பெருக்கியிருந்தவர். நான் அவரைச் சிரிச்சுப்போட்டு அதையே செய்திருக்கிறன்.

2025 ஓகஸ்ட் 31

தம்பி திருவிழாவுக்கு வந்து நிக்கிறான். மில்லுக்கை வந்து மெசினைப் பாத்திட்டு, "இவ்வளவுதானோ?" எண்டான். மிதிச்சுப் பாக்கச் சொன்னன். அரை மணித்தியாலம் எழும்பேல்லை. ரொறொன்ரோவிலை ஒரு கடைக்காரர் மாதம் ரெண்டு தொன் கேக்கிறாராம். அது வந்தால் உலோகம் கண்டுபிடிக்கிற கருவி, தொகுதி இலக்கம், தூசி அறை எல்லாம் கேப்பினம். அப்ப பெரிய மெசின் கதை திரும்பவும் தொடங்கும். ஓடர் எழுத்திலை வரட்டும்.

2025 செப்ரெம்பர் 14

கடைசியா ஒண்டு, இதை ஒருத்தரும் எனக்குச் சொல்லியிருக்கேல்லை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையடியிலை எங்கடை பழைய வாடிக்கைக் கடை. கடைக்கார ஐயா போனிலை கூப்பிட்டு, "தம்பி, பைக்கற்றிலை குறையுது" எண்டார். தராசையும் தூக்கிக்கொண்டு போனன். அவருக்கு முன்னாலை பத்துப் பைக்கற்றை வெட்டிக் கொட்டி நிறுத்தன். ஒண்டும் 100க்குக் கீழை இல்லை, கனக்க 101.

"சரியாத்தானே ஐயா இருக்கு?"

"சரிதான்" எண்டார். "ஆனால் முந்தி 103 எல்லோ. நான் எப்பவும் நிறுத்துத்தான் அடுக்கிறனான்."